வயிற்றுச் சத்திரசிகிச்சைக்குக் கொழும்புக்குப் போக முன்னம் பல்லைக் காட்டிவிட்டுப் போங்கள்

உடல் எடையைக் குறைக்க வயிற்றில் சத்திரசிகிச்சை செய்துகொண்டவர்கள் இப்போது திருகோணமலையிலும் இருக்கிறார்கள். உவர்மலையில் ஒருவர், கிண்ணியாவில் ஒருவர் என்று அடிக்கடி காதில் விழுகிறது. பெரும்பாலானவர்கள் கொழும்பில் செய்துகொண்டு வீட்டுக்கு வருகிறார்கள். வந்த பிறகு பார்க்க வருகிற சொந்தக்காரர் எல்லோரும் கேட்பது எத்தனை கிலோ குறைந்தது என்றுதான். பல் எப்படி இருக்கிறது என்று ஒருவரும் கேட்பதில்லை. அக்காவின் ஸ்லீவ் சத்திரசிகிச்சைக்கு முன்னும் பின்னும் கூடவே நின்று பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன், அந்தக் கேள்வியை நீங்களே உங்களிடம் கேட்க வேண்டும், அதுவும் திகதி குறிக்க முன்னமே.

சத்திரசிகிச்சை வேண்டாம் என்று சொல்ல இதை எழுதவில்லை. நீரிழிவும் பிரஷரும் மூட்டு வலியுமாக வருடக்கணக்கில் இழுபட்டவர்களுக்கு இது பெரிய விடுதலை. அந்த விடுதலைக்குப் பல்லை விலையாகக் கொடுக்கத் தேவையில்லை, கொஞ்சம் முன்யோசனை இருந்தால் போதும்.

வயிற்றில் வெட்டினால் பல்லுக்கு என்ன வந்தது?

இங்கே அதிகம் கேள்விப்படுவது இரண்டு வகை. ஸ்லீவ் என்றால் இரைப்பையில் ஏறக்குறைய நாலில் மூன்று பங்கையோ அதற்கும் சற்று மேலாகவோ வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தை ஒடுங்கிய குழாயாக விடுவார்கள். பைபாஸ் என்றால் இரைப்பையின் மேல்பகுதியில் 30 மில்லிலீற்றர் அளவுள்ள ஒரு சின்னப் பையை உண்டாக்கி, அதை நேரே சிறுகுடலோடு பொருத்துவார்கள். இரண்டிலும் ஒரே தடவையில் நிறையச் சாப்பிட முடியாது, அதனால் கொஞ்சம் கொஞ்சமாக ஐந்தாறு தடவை சாப்பிட வேண்டி வரும். வேகமாக விழுங்கினால் சத்தி வரும். ஸ்லீவ் செய்தவர்களில் பலருக்கு நெஞ்செரிவும் புளித்த ஏப்பமும் புதிதாக வரும், அல்லது முன்னம் இருந்தது கூடும். பைபாஸில் பெரும்பாலும் அது குறைகிறது. பைபாஸில் வேறு சிக்கல் இருக்கிறது: விற்றமினும் இரும்பும் கல்சியமும் உடம்பில் சேர்வது குறைந்துவிடும்.

பல்லின் வெளி ஓடான எனாமல் உடம்பிலேயே கடினமான பொருள், ஆனால் வாயின் பிஎச் (அமிலம் கூடக் கூட இந்த எண் குறையும்) 5.5 அளவுக்குக் கீழே இறங்கினால் கரையத் தொடங்கிவிடும். இரைப்பை அமிலம் 1, 2 என்ற அளவில் இருப்பது. சீனி சேர்ந்த எதையாவது வாயில் போட்டாலும் அங்குள்ள கிருமிகள் சில நிமிடங்களிலேயே அமிலத்தை உண்டாக்கிவிடுகின்றன, எச்சில் அதைச் சரிக்கட்ட அரை மணித்தியாலமாவது எடுக்கும். நாளுக்கு மூன்று வேளை சாப்பிட்டவருக்கு இது மூன்று தடவை நடந்தது. இப்போது ஆறு தடவை சாப்பாடு, இடையில் தேத்தண்ணி, மென்று தின்கிற விற்றமின், வாய் உலராமல் இருக்க ஒரு இனிப்பு என்று போனால் எச்சிலுக்கு வேலை முடியவே முடியாது. சூத்தை அங்கிருந்துதான் தொடங்குகிறது.

படி 1: திகதி எடுக்க முன்னம் பல் வைத்தியரிடம்

குறைந்தது மூன்று மாதம் முன்னம் போங்கள். பல் பிடுங்க வேண்டி வந்தால் முரசு ஆறவே சில வாரங்கள் ஆகும், அதற்குப் பிறகு கட்டுப்பல் அளவெடுத்துப் பொருத்த இன்னும் காலம் எடுக்கும். திருகோணமலை பொது வைத்தியசாலையில் பல் பிரிவு இருக்கிறது, அரசாங்க ஆஸ்பத்திரி என்பதால் கட்டணம் இல்லை, காலையில் நேரத்தோடு போய் நம்பர் எடுத்தால் சரி. தனியாரிடம் காட்டினாலும் நல்லதுதான். சிக்கலான வேலை என்றால் பேராதனையிலோ கொழும்பிலோ உள்ள பல் வைத்தியசாலைக்குத் துண்டு எழுதித் தருவார்கள்.

போய் “பல்லைப் பாருங்கோ” என்று மட்டும் சொல்லாதீர்கள். இன்ன சத்திரசிகிச்சை, இன்ன மாதத்தில், இன்னின்ன குளிசை எடுக்கிறேன் என்று முழுதாகச் சொல்லுங்கள். கிளினிக் கொப்பியையும் கொண்டு போங்கள். சூத்தைகளை அடைக்க வேண்டும், காரை எடுக்க வேண்டும், முரசில் இரத்தமோ சீழோ இருந்தால் அதை ஆற்ற வேண்டும். நீரிழிவு உள்ளவர்கள் முரசை லேசாக எடுக்கக் கூடாது, சீனி கூடினால் முரசு நோய் கூடும், முரசு நோய் இருந்தால் சீனியைக் கட்டுப்படுத்துவதும் கடினம், இரண்டும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு போகும்.

மெல்லுகிற பல் இருக்கிறதா என்பதுதான் இதில் எனக்கு முக்கியமாகப் படுவது. சத்திரசிகிச்சைக்குப் பிறகு ஒவ்வொரு வாயையும் இருபது முப்பது தடவை, கூழாகும் வரை மெல்லச் சொல்வார்கள். கடைவாய்ப் பற்கள் போய் முன்பல்லால் கொறிக்கிறவர் எப்படி அதைச் செய்வார்? மெல்லாத இறைச்சித் துண்டு ஒடுங்கிய இரைப்பையின் வாசலில் சிக்கும், சத்தி வரும், சத்தியோடு அமிலமும் வரலாம், அது மிச்சப் பல்லையும் அரிக்கும். ஆகவே ஆட்டம் காண்கிற கட்டுப்பல்லை முன்னமே சரிசெய்யுங்கள். எடை குறையக் குறைய அது திரும்பவும் தளரக்கூடும், அப்போது மறுபடி பொருத்த வேண்டி வரலாம் என்பதையும் மனதில் வைத்திருங்கள்.

ஆடுகிற பல் இருந்தால் மயக்க மருந்து கொடுக்கிற வைத்தியரிடமும் சொல்லுங்கள். குழாய் போடும்போது அது கழன்று விழ இடமிருக்கிறது.

படி 2: வெற்றிலையும் சிகரெட்டும்

கோபிக்காமல் கேளுங்கள். பாக்கு புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு வகைப்படுத்தியிருக்கிறது, புகையிலை சேராத வெறும் பாக்கும் அதற்குள் அடக்கம். இலங்கை ஆண்களுக்கு அதிகம் வருகிற புற்றுநோய்களில் வாய்ப் புற்றுநோய் முன்வரிசையில் நிற்கிறது. இது தெரிந்த கதை. பலருக்குத் தெரியாதது வேறொன்று: நீண்ட காலம் பாக்குப் போட்டவர்களின் கன்னத்தின் உட்பக்கம் இறுகி, வாய் முழுதாகத் திறக்க முடியாமல் போகும். அப்படி இருந்தால் சத்திரசிகிச்சை மேசையில் மூச்சுக்குழாய் போடுவதே சிக்கலாகிவிடும். உங்கள் மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக நிமிர்த்தி வாய்க்குள் வைத்துப் பாருங்கள், நுழையவில்லை என்றால் பல் வைத்தியரிடமும் மயக்க மருந்து வைத்தியரிடமும் கட்டாயம் சொல்லுங்கள். கன்னத்தில் வெள்ளைத் தழும்போ, ஆறாத புண்ணோ இருந்தாலும் அப்படித்தான்.

சிகரெட்டை விடாமல் பைபாஸ் செய்தால் பை பொருத்திய இடத்தில் புண் வரும் ஆபத்து கூடும், முரசும் கெடும். இதை விடுவதில் பேரம் பேச ஒன்றுமில்லை.

படி 3: சத்தி வந்தவுடன் பல் தீட்டாதீர்கள்

எல்லோருக்கும் சத்தி எடுத்த கையோடு பிரஷைத் தேடத்தான் மனம் போகும், வாய் அப்படிப் புளிக்கும். ஆனால் அந்த நேரத்தில் எனாமலின் மேற்பரப்பு மெதுமையாகி இருக்கிறது. அதில் பிரஷ் போடுவது ஈரம் காயாத சுண்ணாம்புச் சுவரை விளக்குமாற்றால் கூட்டுவது போலத்தான், மேற்பூச்சு வந்துவிடும்.

செய்ய வேண்டியது இதுதான். ஒரு கிளாஸ் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி அப்பச்சோடாவைக் கரையுங்கள். வாய் முழுக்க எடுத்து, முன்பல்லின் உட்பக்கம் படும்படி கொஞ்சம் பொறுமையாக அலம்பித் துப்புங்கள், விழுங்க வேண்டாம். சோடா கையில் இல்லை என்றால் வெறும் தண்ணீர் போதும். பிறகு அரை மணித்தியாலத்திலிருந்து ஒரு மணித்தியாலம் பொறுத்துத்தான் பிரஷ். அக்கா குளியலறைத் தட்டில் ஒரு மூடி போட்ட போத்தலில் அப்பச்சோடாவும் பக்கத்தில் ஒரு கரண்டியும் வைத்திருக்கிறா. இரவு இரண்டு மணிக்குக் குசினிக்குப் போய் டப்பா தேட யாருக்கும் தெம்பு இருக்காது என்பதால், அதை நீங்களும் செய்து வையுங்கள்.

இரவில் சத்தி இல்லாமலே அமிலம் மேலே ஏறுவது ஸ்லீவ் செய்தவர்களுக்குச் சத்தமில்லாமல் வருகிற தொல்லை. காலையில் வாய் புளிப்பு, தொண்டை கரகரப்பு, காரணமில்லாத இருமல் என்று இருந்தால் அதைச் சந்தேகியுங்கள். படுக்க இரண்டு மூன்று மணித்தியாலம் முன்னமே சாப்பாட்டை முடித்துவிடுங்கள், கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்குக் கட்டை வைத்து உயர்த்துங்கள், தலையணையை மட்டும் அடுக்கினால் கழுத்துத்தான் வலிக்கும். சத்திரசிகிச்சை வைத்தியர் தந்த, அமிலத்தைக் குறைக்கிற குளிசையை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

மாதத்துக்கு ஒரு தடவை கைபேசி டோர்ச்சைப் போட்டுக் கண்ணாடியில் பாருங்கள். தலையை நன்றாக அண்ணாந்து, மேல் முன்பற்களின் உட்பக்கத்தை, அதாவது நாக்கு தொடுகிற பக்கத்தை ஒரு சின்னக் கைக்கண்ணாடியால் பார்க்க வேண்டும், அமிலம் முதலில் தாக்குவது பெரும்பாலும் அந்த இடத்தைத்தான். வழக்கமான மேடு பள்ளம் போய் வழுவழுப்பாக, மஞ்சள் கூடித் தெரிகிறதா, பல்லின் நுனி கண்ணாடித்துண்டு மாதிரி ஒளி ஊடுருவித் தெரிகிறதா, கடைவாய்ப் பல்லின் உச்சியில் கிண்ணம் தோண்டியது போலக் குழி விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். குளிர்ந்த தண்ணீர் கூசுவதும் அறிகுறிதான். இதில் ஒன்று தெரிந்தாலும் பல் வைத்தியருக்கும் சத்திரசிகிச்சை வைத்தியருக்கும் இரண்டு பேருக்கும் சொல்லுங்கள். பல்லை மட்டும் அடைத்து அமிலத்தை விட்டுவிட்டால் அடைத்ததும் நிற்காது.

படி 4: சாப்பாட்டுக்கு நடுவில் வாயைச் சும்மா விடுங்கள்

ஆறு தடவை சாப்பிடச் சொன்னால் ஆறு தடவைதான். நாள் முழுக்கக் கொறிப்பது வேறு. ஒவ்வொரு தடவையும் இருபது முப்பது நிமிடத்தில் முடித்து, வாயை அலம்பி, அடுத்த சாப்பாடு வரை தண்ணீர் மட்டும். சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்கக் கூடாது, அரை மணித்தியாலம் இடைவெளி விட வேண்டும் என்று சொல்லியிருப்பார்கள், அதனால் பலர் தண்ணீரையே குறைத்துவிடுகிறார்கள். நம் ஊர் வெயிலில், அதுவும் கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் அது ஆபத்து. எச்சில் குறைந்தால் பல்லுக்குக் காவல் இல்லை. ஒரு போத்தலைக் கையோடு வைத்துக்கொண்டு சிறு சிறு மிடறாகக் குடித்துக்கொண்டே இருங்கள், நாளுக்கு ஒன்றரை லீற்றராவது உள்ளே போக வேண்டும்.

அந்தப் போத்தலில் தண்ணீர்தான் இருக்க வேண்டும். தேசிக்காய்த் தண்ணீரைச் சீனி போடாமல் குடித்தால் நல்லது என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். சீனி இல்லாவிட்டாலும் புளிப்பு புளிப்புத்தான், அதை நாள் முழுக்க உறிஞ்சினால் எனாமல் போகும். சோடாக்களும் அப்படியே. தேத்தண்ணியைச் சீனி இல்லாமல் குடிக்கப் பழகுங்கள், முதல் வாரம் கசக்கும், பிறகு பழகிவிடும், இனிப்பாகக் குடித்தே ஆக வேண்டும் என்றால் ஒரு சாப்பாட்டோடு ஒட்டி ஒரு தடவை போதும்.

சாப்பாட்டில் நமக்குக் குறையே இல்லை. மெதுமையான மீன் சொதி, நன்றாக அவித்த பருப்பு, முட்டை, பாணி விடாத சட்டித் தயிர் எல்லாம் பல்லுக்கும் நல்லது, புரதத்துக்கும் நல்லது. சுறாப்புட்டு, உதிர்த்த பாரை மீன் மாதிரியானவை மெல்லுகிற கட்டத்துக்கு வந்த பிறகு அருமை. புட்டும் பாணும் பலருக்கு உள்ளே போய் அடைக்கும், அதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சோதித்துப் பாருங்கள். கொழும்பில் தந்த உணவுத்தாளில் திரவம், மசித்தது, மெதுமையானது என்று வாரக் கணக்கு இருக்கும், அதை மீற வேண்டாம். பொங்கலுக்கும் பெருநாளுக்கும் ஒரு துண்டு இனிப்புச் சாப்பிட ஆசை வந்தால் வைத்தியர் அனுமதித்த பிறகு சாப்பாட்டோடு சேர்த்துச் சாப்பிட்டு வாயை அலம்புங்கள். பைபாஸ் செய்தவர்கள் இனிப்பில் இன்னும் கவனம், வியர்த்து, நெஞ்சு படபடத்து, வயிற்றால் போய்ப் படுக்க வேண்டி வரலாம். விரதமோ நோன்போ பிடிக்க விரும்பினால் வைத்தியரிடம் கேட்காமல் தொடங்காதீர்கள், முதல் வருடத்தில் உடம்பில் தண்ணீர் வற்றுவது விளையாட்டல்ல.

பல் தீட்டுவது பற்றி அதிகம் சொல்ல இல்லை. மெதுமையான பிரஷ், 1000 முதல் 1500 பிபிஎம் வரை புளோரைட்டு உள்ள பற்பசை, நாளுக்கு இரண்டு தடவை, இரவில் படுக்க முன்னம் கட்டாயம். தீட்டிய பிறகு நுரையைத் துப்புங்கள், தண்ணீரால் கொப்பளித்து புளோரைட்டைக் கழுவி விடாதீர்கள். உமிக்கரி, கரித்தூள், உப்பு எல்லாம் இனி வேண்டாம். மிஸ்வாக் பழக்கம் உள்ளவர்கள் நுனியை நன்றாக ஊறவைத்து மெதுவாகப் பாவியுங்கள், அதோடு பற்பசையும் வேண்டும். வாய் உலர்கிறவர்கள் மதுசாரம் கலந்த வாய் கொப்பளிக்கும் மருந்தைத் தவிருங்கள்.

படி 5: விற்றமின்கள்

இவை ஆயுள் முழுக்க. ஆறு மாதம் போட்டேன், நன்றாக இருக்கிறேன், நிறுத்திவிட்டேன் என்று சொல்கிறவர்களின் வாய்தான் முதலில் காட்டிக்கொடுக்கும். நாக்கு சிவந்து வழுவழுப்பாகி எரிந்தால் பி12 குறைந்திருக்கலாம், உதட்டோரம் வெடித்து ஆறாமல் இருந்தால் இரும்போ பி விற்றமினோ குறைந்திருக்கலாம், அடிக்கடி வாய்ப்புண், சுவை மாறுவது எல்லாமே இரத்தம் சோதிக்க வேண்டிய காரணங்கள். பல் வைத்தியர் தருகிற பூச்சு மருந்தால் மட்டும் இது மாறாது. கல்சியமும் விற்றமின் டியும் நீண்ட காலம் குறைந்தால் தாடை எலும்பும் பலவீனப்படும்.

கல்சியம் பொதுவாக நாளுக்கு 1200 முதல் 1500 மில்லிகிராம் என்று, பிரித்துப் பிரித்துச் சொல்வார்கள், சிற்றேட் வகை என்றால் அமிலம் குறைந்த வயிற்றிலும் சேரும். இரும்பையும் கல்சியத்தையும் ஒன்றாகப் போடாதீர்கள், இரண்டு மணித்தியாலம் இடைவெளி வேண்டும். இரும்பு எடுக்கிற நேரத்தில் தேத்தண்ணியும் வேண்டாம். இனி பல்லுக்கு வருவோம்: சீனி பூசிய, ஒட்டுகிற கம்மி வகை விற்றமினைவிட விழுங்குகிற குளிசை நல்லது. ஆரம்பத்தில் மெல்லுவதைத்தான் தருவார்கள் என்றால் அதைச் சாப்பாட்டோடு சேர்த்து மென்று உடனே வாயை அலம்புங்கள். தண்ணீரில் பொங்கிக் கரைகிற விற்றமின் சி குளிசை நல்ல புளிப்பு, அதை மெதுவாக உறிஞ்சிக் குடிக்காதீர்கள். திரவ இரும்பு மருந்து பல்லைக் கறுப்பாக்கும், ஆனால் அது வெளிக்கறைதான், பல் வைத்தியர் எடுத்துவிடுவார், அதற்குப் பயந்து மருந்தை நிறுத்த வேண்டாம்.

படி 6: பல்லுக் குத்தினால் பாமசிக்கு ஓடாதீர்கள்

இதைத் தயவுசெய்து இரண்டு தடவை வாசியுங்கள். நம் ஊரில் பல்லு வலி என்றால் நேரே பாமசிதான்.

“தம்பி, பல்லுக் குத்துது, ஒரு குளிசை தாங்கோ.”

“இந்தாங்கோ அன்ரி, சாப்பிட்டிட்டுப் போடுங்கோ.”

இவ்வளவுதான் பேச்சு. கையில் வருவது டைக்குளோபெனக்காகவோ ஐபுப்புரோபனாகவோ மெபனாமிக் அசிட்டாகவோ இருக்கும். மற்றவர்களுக்குச் சரி, உங்களுக்கு அல்ல. பைபாஸ் செய்தவர்களுக்கு இந்த வகை வலிக்குளிசைகள் பை பொருத்திய இடத்தில் புண்ணை உண்டாக்கலாம், அது இரத்தம் கசியும், ஓட்டையாகவும் கூடும். ஸ்லீவ் செய்தவர்களும் வைத்தியரைக் கேட்காமல் தொடக் கூடாது. பாமசியில் முதல் வார்த்தையாகவே “எனக்கு வயித்தில ஒப்பரேஷன் செய்தது, பனடோல்தான் போடலாம்” என்று சொல்லுங்கள். வீட்டில் உள்ளவர்களுக்கும் சொல்லி வையுங்கள், நாம் வலியில் சுருண்டு படுத்திருக்கும்போது கடைக்குப் போவது மகனோ மருமகளோ தான். இதயத்துக்காக அஸ்பிரின் எடுக்கிறவர்கள் அதைத் தாங்களாக நிறுத்தவும் வேண்டாம், எழுதித் தந்த வைத்தியரிடமே கேளுங்கள். பனடோலும் பெட்டியில் போட்ட அளவுக்கு மேல் கூடாது.

பல் வைத்தியரிடமும் இதையே சொல்லுங்கள். மெதுவாகக் கரையும்படி செய்த குளிசைகள் மாறிய வயிற்றில் ஒழுங்காகச் சேராமல் போகலாம், நுண்ணுயிர்க்கொல்லி தந்தால் திரவமாகவோ சாதாரணக் குளிசையாகவோ தர முடியுமா என்று கேளுங்கள். நெஞ்செரிவு உள்ளவர்கள் பல் கதிரையை முழுக்கச் சாய்க்க வேண்டாம் என்று கேட்கலாம். நீரிழிவுக் குளிசையின் அளவு சத்திரசிகிச்சைக்குப் பிறகு மாறியிருக்கும், வெறும் வயிற்றோடு காத்திருப்பு வாங்கில் இருந்தால் சீனி இறங்கி மயக்கம் வரும், ஆகவே நேரத்துக்குச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். அழகுக்காகச் செய்கிற வேலைகளைச் சாப்பாடு ஒரு ஒழுங்குக்கு வரும் வரை தள்ளி வைக்கலாம், வலியையும் வீக்கத்தையும் ஒரு நாளும் தள்ளக் கூடாது.

எத்தனை நாளுக்கு ஒரு தடவை காட்டுவது?

முதல் வருடம் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை என்று வைத்துக்கொண்டால் நல்லது, நெஞ்செரிவும் சத்தியும் இல்லாமல் வாய் சுத்தமாக இருந்தால் பிறகு ஆறு மாதம். புளோரைட்டுப் பூச்சு போட முடியுமா என்று ஒவ்வொரு தடவையும் கேளுங்கள். கொழும்புக் கிளினிக்குக்குப் போக ஏழெட்டு மணித்தியாலம் பஸ்ஸில் இருக்க வேண்டும், ஆனால் பல்லுக்கு உள்ளூரே போதும், அதனால் இதைத் தள்ளிப் போடக் காரணமில்லை. கொழும்புக்குப் போகிற நாளில் பல் வைத்தியர் எழுதியதையும் கொப்பிக்குள் வைத்துக்கொண்டு போங்கள், அங்கே சத்திரசிகிச்சை வைத்தியர் அதைப் பார்த்தால் நெஞ்செரிவுக்கு மருந்தை மாற்றவோ கமரா விட்டுப் பார்க்கவோ முடிவெடுக்க உதவும்.

சில விஷயங்களுக்குக் கிளினிக் நாள் வரும் வரை காத்திருக்கக் கூடாது. ஒரு நாளுக்கு மேல் தண்ணீர்கூட வயிற்றில் நிற்காமல் சத்தி போனாலோ, சத்தியில் இரத்தமோ கோப்பித்தூள் மாதிரி ஏதாவதோ வந்தாலோ, மலம் கறுப்பாகப் போனாலோ, முகம் அல்லது தாடை வீங்கிக் காய்ச்சல் வந்தாலோ, விழுங்கவோ மூச்சுவிடவோ கஷ்டமாக இருந்தாலோ உடனே திருகோணமலை ஆஸ்பத்திரியின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். பல நாள் தொடர்ந்து சத்தி இருந்தால் பி1 விற்றமின் வற்றி நரம்பும் மூளையும் பாதிக்கப்படலாம், ஆகவே சத்திரசிகிச்சை செய்தது எந்த மாதம், எந்த வகை என்பதை வாசலிலேயே சொல்லிவிடுங்கள்.